களர் என்று கைகழுவாதீர்!

நிலக் கணக்கில் ஒரு சொல் ஏறிவிட்டால் அது எளிதில் இறங்குவதில்லை. 'தரிசு' என்பது அத்தகைய ஒரு சொல். 'களர்' என்பதோ அதனினும் கொடிய சொல். தரிசு என்றால் இன்று பயிரில்லை என்றுதான் பொருள். களர் என்றாலோ, என்றைக்கும் பயிராகாது என்று ஊரே கூடி முடிவு கட்டிவிடுகிறது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போகும் பக்கத்திலும், வானூர் வட்டாரத்துத் தாழ்நிலங்களிலும், விழுப்புரத்துச் சுற்றுப்புறத்தில் ஏரித் தண்ணீர் வந்து தேங்கி வற்றுகிற பள்ளங்களிலும் இந்தப் பழியைச் சுமந்து கிடக்கும் மண் உண்டு. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் பாறை. மேலே சாம்பல் தூவியதுபோல் வெள்ளைப் பூப்பு. ஆடு மாடு மேயும், சீமைக் கருவேல் முளைக்கும், வேறென்ன ஆகும் என்று சொல்லிக் கைகழுவி விடுகிறார்கள்.

கைகழுவுமுன் அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்கிறோம் நாம்.

ஆலையில் உழைக்கும் தோழரும், பணிமனையில் உழைக்கும் தோழரும், "இது உழவர் விவகாரம், நமக்கென்ன?" என்று இந்தத் தலையங்கத்தைத் தாண்டிப் போய்விட வேண்டாம். விழுப்புரம் இரயில் சந்திப்பில் மூட்டை சுமக்கிறவர்களில், பாட்டன் காலத்தில் ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து வந்தவர் எத்தனை பேர்! அந்த ஏர் ஏன் நின்றது? கடன் ஒரு காரணம். தண்ணீர் ஒரு காரணம். மண் கெட்டது மூன்றாவது காரணம். முதல் இரண்டும் மேடை ஏறுகின்றன. மூன்றாவது, வரப்போடு நின்றுவிடுகிறது. அதைத்தான் இன்று பேசுகிறோம்.

இரு நோய், இரு மருந்து

மண்ணில் உப்பைக் கண்டதும் எல்லாவற்றையும் 'உப்பு மண்' என்று ஒரே வாயில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. நம் முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. உவர் என்று ஒரு சொல், களர் என்று ஒரு சொல், இரண்டு வைத்திருந்தார்கள். இன்றைய மண்ணியல் அறிஞரும் இரண்டாகத்தான் பிரிக்கிறார்கள்.

உவர் நிலத்தில், கரையும் உப்புகள் மிகுந்து நிற்கின்றன. கடலோரத்து மண் பெரும்பாலும் இவ்வகை. அங்கே ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. உப்பு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நல்ல தண்ணீரைத் தேக்கி, கழுவி, வடித்துவிட்டால் இந்த நோய் குறையும்.

களர் நிலத்தின் நோய் வேறு. அங்கே சோடியம் என்னும் பொருள் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருக்கிறது. களிமண் பிடித்து வைத்திருக்கும் அயனிகளில் நூற்றுக்கு 15க்கு மேல் சோடியமாகி, கார அளவு 8.5ஐத் தாண்டிவிட்டால் அதனைக் களர் என்று அறிவியல் வரையறுக்கிறது. கடுமையான களரில் கார அளவு 10 வரையிலும் போகும்.

இதன் விளைவு என்ன? களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் கூட்டம். நல்ல மண்ணில் அந்தத் தகடுகளைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பில் உள்ள கால்சியம். கால்சியத்திற்கு இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கையால் ஒரு தகட்டையும் மறு கையால் அடுத்த தகட்டையும் பற்றி நிற்கிறது. தகடுகள் சேர்ந்து கட்டியாகின்றன. கட்டிகளுக்கிடையே காற்றும் நீரும் போகச் சந்து கிடைக்கிறது. சோடியத்திற்கோ ஒரே கைதான். கால்சியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்தால், தகடுகள் தனித்தனியே பிரிந்து மிதக்கின்றன. இருக்கிற சந்துகளையெல்லாம் அடைத்துவிடுகின்றன. ஒற்றுமை குலைந்த கூட்டத்தின் கதிதான் அந்த மண்ணுக்கும்!

அதனால்தான் மேலே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதும் ஒரு முழம் கீழே மண் காய்ந்து கிடக்கிறது. விதைத்த விதை மூச்சுத் திணறிச் சாகிறது. காய்ந்தபின் கொழுமுனை இறங்குவதில்லை. இலைதழை மக்கிய சத்தும் காரத்தில் கரைந்து மேலே வந்து கறுப்பாகப் படிகிறது. வெள்ளைப் பூப்பும் கறுப்புக் கறையும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள்.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. உவருக்கு உள்ள மருந்தைக் களருக்குக் கொடுத்தால் நோய் முற்றும். உப்பும் சோடியமும் கலந்து கிடக்கும் நிலத்தில் ஜிப்சம் இடாமல் நல்ல தண்ணீரை மட்டும் விட்டுக் கழுவினால், உப்புப் போய்விடும், சோடியம் தங்கிவிடும், களி கரைந்து நிலம் முழுக் களராகிவிடும். பணமும் போய், உழைப்பும் போய், நிலமும் போயிற்று என்று உழவன் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான்.

எவ்வளவு நிலம் இப்படிக் கிடக்கிறது? இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் என்பது கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் காட்டும் கணக்கு. அதில் களர் சுமார் 38 லட்சம். தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 3 லட்சத்து 68 ஆயிரம் ஹெக்டேர். அதிலே உவர் 13 ஆயிரம் மட்டுமே. மிச்சம் 3 லட்சத்து 55 ஆயிரமும் களர்! ஏக்கரில் சொன்னால் எட்டே முக்கால் லட்சம் ஏக்கர். நம் நாட்டு நோய் எதுவென்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது. கடல் உப்பு நாட்டைக் கெடுக்கிறது என்று கடலைப் பழித்துக் கொண்டிருக்கிறோம். கேடு பெரும்பாலும் உள்நாட்டிலேயே விளைந்தது.

மண் ஏன் கெட்டது?

திண்டிவனம் பக்கத்துக் குன்றுகள் கருங்கல் குன்றுகள். அந்தக் கல்லில் சோடியமும் உண்டு, கால்சியமும் உண்டு. வெயிலிலும் மழையிலும் கல் பல்லாயிரம் ஆண்டுகளாய் இற்று இற்றுக் கரைகிறது. கரைந்தது மழைநீரோடு இறங்கிப் பள்ளத்திற்கு வருகிறது. பள்ளத்திற்கு வடிகால் இருந்தால் ஆற்றுக்குப் போய்ச் சேரும். இல்லையென்றால் அங்கேயே தேங்கும், கோடையில் வற்றும். வற்றும்போது முதலில் சுண்ணாம்பு பிரிந்து சுக்கான் கல்லாய் அடியில் இறுகிவிடுகிறது. சோடியம் மட்டும் தண்ணீரில் மிஞ்சி, களிமண்ணின் மேல் ஏறி உட்காருகிறது. ஆண்டுதோறும் இதே கணக்கு. பள்ளத்துக் களரைத் தோண்டினால் அடியில் சுக்கான் கல் கிடைப்பது இதனால்தான்.

இது இயற்கை செய்த வேலை. மனிதன் செய்த வேலையும் உண்டு. ஏரி வற்றிய இடத்தில் ஆழ்துளைக் கிணறு வந்தது. ஆழத்துத் தண்ணீரில் பல இடங்களில் சோடா மிகுதி. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். சோப்பும் நன்றாக நுரைக்கும். அரிசி பருப்பு வேகும்போது மஞ்சள் தட்டும். அந்தத் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் பாய்ச்சினால் செம்மண்ணும் மெல்ல மெல்ல இறுகிவிடும். கால்வாய் வெட்டியவர்கள் வடிகால் வெட்டாமல் போனதும் ஒரு காரணம். வடநாட்டில் யமுனைக் கால்வாய்ப் பாசனத்தால் நிலத்தில் உப்புப் பூத்து உழவர் கூக்குரலிட்டதும், அதனை விசாரிக்க 1870களில் வெள்ளை அரசு குழு அமைத்ததும் வரலாறு. தண்ணீர் கொண்டுவந்து விடுவது பாதி வேலை. மிஞ்சியதை வெளியே கொண்டுபோவது மறுபாதி. அந்தப் பாடத்தை நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் பாசனத் திட்டங்கள் முழுதாய்ப் படிக்கவில்லை.

நோயை அறிந்திருந்தார்கள் நம் மக்கள். களர் நிலத்தில் தோண்டிய கிணற்றிலே துணி வெளுத்த பெண்ணைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று காட்டுகிறது. சலவைத் தொழிலாளர் அண்மைக் காலம் வரை உழமண்ணை அள்ளிவந்துதான் அழுக்கு எடுத்தார்கள். காரம் அழுக்கை எடுக்கும் என்பதை அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை; கை கற்றுக்கொடுத்தது. களர் கெடப் பிரண்டையைப் புதைக்கச் சொல்லும் பழமொழியும் நம்மிடம் உண்டு. தழை மக்கும்போது பிறக்கும் கரியமில வாயு, அடியில் உறங்கும் சுண்ணாம்பைக் கரைத்து எழுப்புகிறது என்று இன்றைய வேதியியல் அதற்கு விளக்கம் தருகிறது.

வள்ளுவர் கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார். இருந்தும் பயனில்லை என்பது கருத்து. நாம் அந்த உவமையை இன்னொரு பக்கமாய்ப் பார்க்கிறோம். கல்லாதவன் கல்லாதவனாகவே பிறந்தானா? பள்ளிக் கதவை அடைத்தார்கள், அதனால் கல்லாதவனானான். கதவு திறந்தது, கற்றான், இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவன் பிள்ளை மருத்துவர், பொறியாளர், ஆசிரியர். நிலமும் அப்படித்தான். களர் என்பது விதியன்று. வடிகால் இல்லாத நிலம் கண்ட நோய். நோய்க்கு மருந்துண்டு.

மருந்து என்ன?

முதலில் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தோழர்கள் எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வைத்த மழைநீரை ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஒரு பட்டாணி அளவு கட்டியை எடுத்து மெல்ல உள்ளே விடுங்கள். கலக்காதீர்கள். சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். கட்டி உதிர்ந்து, தண்ணீர் தெளிவாகவே நின்றால் களி பிரியவில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் மேகம் படர்ந்து, மறுநாளும் அடங்காமல் நின்றால் சோடியம் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஐயம் வந்தால் மண்ணையும் கிணற்று நீரையும் மண் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புங்கள். எத்தனை ஜிப்சம் தேவை என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும்; வாய்ச்சொல்லை நம்பி வாங்கிக் கொட்டக் கூடாது.

ஜிப்சம் என்றால் கால்சியம் சல்பேட். அது மண்ணில் கரையும்போது, இரண்டு கை உள்ள கால்சியம் தன் பழைய இடத்திற்குத் திரும்புகிறது. ஒற்றைக் கைச் சோடியம் வெளியேறித் தண்ணீரில் கரைகிறது. கோடையில் உழுது, நிலத்தைச் சிறு பாத்திகளாய்ப் பிரித்து, உறுதியான வரப்புக் கட்டி, சமமாக ஜிப்சம் தூவி, தண்ணீரைச் சில நாள் தேக்கி, வடித்துவிட வேண்டும். மூன்று நான்கு முறை இப்படி. பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழ வேண்டும். தக்கைப்பூண்டு களரிலும் வளரும் செடி. அதன் பின் களரைத் தாங்கும் நெல்லை நட வேண்டும். கோ 43 அத்தகையது. டி.ஆர்.ஒய்.1, டி.ஆர்.ஒய்.3 ஆகியவை திருச்சியில் நவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியின் களர் வயல்களிலேயே பிறந்தவை. களர் என்று கைகழுவாமல், களரின் மேலேயே கல்லூரி கட்டி விதை கண்டவர்களைப் பாராட்டுகிறோம்.

மருந்துச் சரக்கு எங்கோ அயல்நாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் பழைய கடற்படிவுகளில் ஜிப்சம் உண்டு. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது உப்புப் பூப்பதற்கு முன்னே படிவதும் ஜிப்சம்தான். மரக்காணத்து உப்பளத் தொழிலாளி வெயிலில் வெந்து உப்பை வாருகிறான். உப்புக்கு முன் படியும் பொருள், பக்கத்து ஊர்க் களருக்கு மருந்தாகும் வகையைச் சேர்ந்தது என்பதை அவனுக்குச் சொன்னவர் யார்?

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு வடநாட்டைக் காட்டுகிறோம். கர்னால் நிறுவனம் 1969இல் தொடங்கியது. அடுத்துவந்த ஆண்டுகளில் பஞ்சாபிலும், அரியானாவிலும், உத்தரப் பிரதேசத்திலும் 'ஊசர்' என்று ஒதுக்கிய நிலம் பல லட்சம் ஹெக்டேர் நெல்லும் கோதுமையும் விளையும் நிலமாயிற்று. அங்கே தனி உழவன் தலையில் பாரத்தைச் சுமத்தவில்லை. ஜிப்சத்திற்கு மானியம் உண்டு; நிலம் திருத்தத் தனிக் கழகங்கள் உண்டு; வடிகால் பொதுச் செலவு.

நம் திண்டிவனத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. இந்திய நாட்டு நிலக்கடலை உழவருக்கெல்லாம் தெரிந்த டி.எம்.வி. என்ற எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி.2 இரகம் 1940இல் வந்தது. அதன்பின் நெடுங்காலம் பல மாநிலங்களில் விளைந்தது. பொலபொலத்த மண்ணுக்கு ஏற்ற கடலையைக் கண்டுபிடித்து நாட்டுக்கே கொடுத்த ஊர், அருகிலேயே இறுகிக் கிடக்கும் மண்ணுக்கு மருந்து கேட்கக் கூடாதா?

வடிகால் தனிச்சொத்து ஆகாது

இப்போது அரசியலுக்கு வருகிறோம். ஜிப்சத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். விதையை வாங்கலாம். வடிகாலை வாங்க முடியாது. என் வயலில் கரைந்த சோடியம் வெளியேற வேண்டுமென்றால் உன் வயல் ஓரமாய்த்தான் போக வேண்டும். உன்னுடையது மூன்றாமவன் நிலத்தைத் தாண்டி ஓடைக்குப் போக வேண்டும். நடுவில் ஒருவன் மறித்தால் மூவருக்கும் கேடு. ஓடையையே ஒருவன் மடக்கிக்கொண்டால் ஊருக்கே கேடு. ஐம்பது சென்ட் வைத்திருப்பவன் தனியாகப் போராடி இந்த நோயைத் தீர்க்க முடியாது. கூட்டுறவு என்பது இங்கே மேடைச் சொல் அன்று, மண்ணின் தேவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலமற்றவனுக்கு நிலம் தந்தோம் என்று கணக்குக் காட்டும் போதெல்லாம், எந்த நிலத்தைத் தந்தார்கள் என்று கேட்பது நம் கடமை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைபற்றி அறிக்கை எழுதினார். அதனையொட்டி 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு பிறந்தது. அந்த நிலங்கள் தரிசுக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவை. அதையும் பின்னாளில் வல்லவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது தனிக் கொடுமை. 1951இல் தொடங்கிய பூமிதான இயக்கத்தில் வந்த நிலத்திலும், உழ முடியாத மண் நிறைய இருந்தது ஊரறிந்த செய்தி. 2006இல் தமிழ்நாட்டில் நிலமற்ற ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் வரை தரும் திட்டம் வந்தபோது, தரிசைப் பண்படுத்தித் தரும் பொறுப்பையும் அரசு சேர்த்துக்கொண்டது. அந்தக் கொள்கை சரி. பட்டாவில் மட்டும் பெயர் ஏறி, பாத்தியில் பயிர் ஏறாவிட்டால் அது காகிதத் தானம். திருத்தாத களரை ஏழைக்குக் கொடுப்பது, பூட்டிய வீட்டைக் கொடுத்துச் சாவியை வைத்துக்கொள்வதற்குச் சமம்!

எல்லாக் களரையும் உழ வேண்டுமா?

வேண்டாம் என்றும் சொல்லத் துணிகிறோம். திருத்த வேண்டியது வயல். ஏரியும் மேய்ச்சலும் திருத்தப்பட வேண்டியவை அல்ல, காக்கப்பட வேண்டியவை.

மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலியைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் சுற்றுப்புறத்து ஏரிகளின் உபரிநீர் வந்து நிறைகிறது. கோடை நெருங்க நெருங்க நீர் உவர்ப்பாகி, வற்றி, வெடித்த களிமண் தரையாகக் கிடக்கிறது. எடையன்திட்டு முகத்துவாரம் வழியே கடலோடு அதற்குத் தொடர்பு உண்டு. நீருள்ளபோது மீனும் பறவையும். வற்றியபோது ஆடும் மாடும். 2021இல் தமிழ்நாடு அரசு 5,151.6 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024இல் அது ராம்சர் பட்டியலிலும் ஏறியது.

இதனைத் 'தரிசு' என்று எண்ணி ஓரத்திலிருந்து கடித்துத் தின்ன நினைப்பவர் உண்டு. இன்றைக்கு ஒரு வரப்பு. நாளைக்கு ஒரு குட்டை. அடுத்த ஆண்டு வேலி. உப்பு நீரைத் தேக்கும் இறால் குட்டை பக்கத்து நன்செய்யையும் குடிநீரையும் கெடுக்கும் என்பதை நாடு கண்டது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, விளைநிலத்தையும் சதுப்பு நிலத்தையும் இறால் பண்ணையாக மாற்றுவதற்கு எதிராக நின்றது. அதனை நம் தோழர்கள் மறக்கக் கூடாது.

அதே வேளையில், பறவைக்கு இடம் தருகிறோம் என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாய் மேய்த்தவனையும் மீன் பிடித்தவனையும் வழிமறிப்பதும் நீதியாகாது. அங்கேரி நாட்டில் ஹோர்ட்டோபாஜ் என்று ஒரு பரந்த புல்வெளி உண்டு. அதுவும் கார மண்தான். உழவுக்கு உதவாத அந்தச் சமவெளியை 1973இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1999இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. ஏற்றதற்குக் காரணங்களுள் ஒன்று, அங்கே தொன்றுதொட்டு நடந்துவரும் மேய்ச்சல் வாழ்க்கை! மேய்ப்பவனும் பறவையும் ஒரே மண்ணில் இருக்கலாம் என்பதற்கு அயல்நாட்டில் சான்று இருக்கிறது. நம் நாட்டுச் சரணாலயச் சட்டத்திலும், மக்களின் உரிமைகளை விசாரித்துப் பதிவு செய்ய இடம் இருக்கிறது. எந்தப் பருவத்தில், எந்தப் பக்கம், எத்தனை கால்நடை என்று ஊராரோடு உட்கார்ந்து வரையறுப்பதே முறை.

கரையும் சுவரும்

உழாத தோழருக்கும் இதில் பங்கு உண்டு என்றோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. அத்தகைய நாளில் ஊரைக் காப்பது ஏரிக்கரை. கரைக்குப் போடும் மண் களர் மண்ணாக இருந்தால் என்ன ஆகும்? உள்ளே கசியும் தண்ணீரில் களி கரைந்து, எலி வளைபோல் துளை விழுந்து, வெளியே தெரியாமலே கரை உள்ளீடற்றுப் போகும். கட்டுமானப் பொறியியல் இதனை நன்றாக அறியும். ஆயினும், கரை பலப்படுத்தும் ஒப்பந்தத்தில் மண்ணின் அளவை நாடாப் பிடித்துப் பார்க்கிறவர்கள், அதன் குணத்தைத் தம்ளரில் போட்டுப் பார்க்கிறார்களா?

செங்கல் சூளைத் தோழருக்கும் தெரியும், உப்பு மண்ணில் அறுத்த கல் சுவரில் பூத்து உதிரும். ஏழை கட்டிய வீட்டில் தரையிலிருந்து இடுப்பளவு சுவர் பொரிந்து கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏரி வண்டலை எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் ஏற்பாடு 2024இல் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லா ஏரி மண்ணும் நல்ல வண்டல் ஆகிவிடாது. வயலில் கொட்டுமுன் சோதித்துக் கொட்டுங்கள்.

நாம் கேட்பது

ஊராட்சிதோறும் புல எண் வாரியாக மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்து, உவர் எது, களர் எது என்று தனித்தனியே எழுதி ஊர்ப் பலகையில் ஒட்ட வேண்டும். வரி போடுவதற்காக அன்றைக்கு எழுதிய மண் தரத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

ஜிப்சம் கோடை உழவுக்கு முன்னே கூட்டுறவுச் சங்கத்திற்கு வந்து சேர வேண்டும். நடவு முடிந்தபின் வரும் மானியம் யாருக்கு? பட்டா இல்லாத குத்தகை உழவனுக்கும் அது கிடைக்க வேண்டும்.

வடிகால் ஓடைகளை ஊரக வேலைத் திட்டப் பணிகளில் முன்வரிசையில் சேர்க்க வேண்டும். மடக்கிய ஓடையை யார் மடக்கியிருந்தாலும் மீட்க வேண்டும்.

நிலமற்றவருக்குத் தரும் நிலம் களராயின், திருத்தி, முதல் இரண்டு மூன்று போகத்திற்கு விதையும் உரமும் தந்து, பிறகே 'கொடுத்தோம்' என்று கணக்கெழுத வேண்டும்.

மேய்க்கால் புறம்போக்கை மேய்ச்சலுக்கே வைத்திருக்க வேண்டும். கழுவேலியின் எல்லையைக் கல் நட்டுக் காட்ட வேண்டும். அங்கே மேய்ப்பவர், மீன் பிடிப்பவர் உரிமைகளை எழுத்தில் தர வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. நாட்டில் வேறு இடங்களில் நடந்து முடிந்த காரியங்கள் இவற்றில் பாதி. மீதி, சட்டத்தில் ஏற்கெனவே இருப்பவை.

தோழர்களே! கிளைக் கூட்டத்திற்குப் போகும்போது இந்த முறை ஒரு பிடி மண்ணும், ஒரு கண்ணாடித் தம்ளரும், கொஞ்சம் மழைநீரும் கொண்டு போங்கள். கூட்டம் தொடங்கும்போது கட்டியைத் தண்ணீரில் விடுங்கள், முடியும்போது பாருங்கள். தண்ணீர் பாலாய்க் கலங்கியிருந்தால் அதையே தீர்மானத்தின் முதல் வரியாக எழுதுங்கள்: எங்கள் ஊர் மண்ணுக்கு நோய்; மருந்து இருக்கிறது; கொடு! பழியை மண்ணின் மேல் போட்டது போதும். இனி மருந்தைக் கேட்போம். வடிகாலைக் கூடி வெட்டுவோம்.